வகுத்தல் சொல்லித்தரப் பல்லாங்குழி: சில வருட அனுபவம்

என் இரண்டு பிள்ளைகளுக்கும், மாலையில் படிக்க வரும் தெருப் பிள்ளைகளுக்கும் வகுத்தலைப் பல்லாங்குழியில்தான் ஆரம்பித்து வைக்கிறேன். சில வருடங்களாக இதே பலகைதான். 7 குழிகள் வீதம் இரண்டு வரிசை, மொத்தம் 14. மடித்து வைக்கும் மரப்பலகை. பிளாஸ்டிக்கிலும் வருகிறது, ஆனால் குழி ஆழமில்லாததால் லேசாகத் தட்டினாலே காய்கள் பக்கத்துக் குழிக்குப் போய்விடும், கணக்கும் போய்விடும். காய்க்குப் புளியங்கொட்டைதான் சிறந்தது. சின்ன விரல்களுக்கு எடுக்க வாகாக இருக்கும், உருண்டு ஓடாது. குன்றிமணியை மட்டும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அது விஷம்.

38 கொட்டைகளை 7 பேருக்குச் சமமாகப் பிரிக்கச் சொன்னால், குழந்தை 7 குழிகளிலும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வரும். ஐந்து சுற்று முடிந்ததும் கையில் 3 நிற்கும். ஈவு 5, மீதி 3. நோட்டில் '4, மீதி 10' என்று எழுதுகிற பிள்ளைக்கு நான் விளக்கமே சொல்வதில்லை. பலகையில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். கையில் 10 இருக்கும்போது இன்னொரு சுற்று வருமே என்று அதுவே கண்டுபிடித்துவிடும். மீதி ஏன் வகுத்தியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம் வரும். ஒவ்வொன்றாகப் போட்டுச் சலித்த பிள்ளை, ஒரு நாள் தானாகவே குழிக்கு மூன்று மூன்றாகப் போட ஆரம்பிக்கும். 7 பேருக்கு மூன்று கொடுத்தால் 21 போய்விடும் என்று வாய்ப்பாடு அப்போது அதன் கைக்கு வந்துவிட்டது. அவசரப்பட்டு நாமாக இதைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, காத்திருக்கணும். நீள் வகுத்தலில் செய்வதும் இதேதானே? 84-ஐ 7-ஆல் வகுக்க, முதலில் ஆளுக்குப் பத்து, மிச்சம் 14, அதில் ஆளுக்கு இரண்டு. ஆக 12.

ஆனால் அந்த 84 கொட்டையை எண்ணி முடிப்பதற்குள் குழந்தை களைத்துவிடும். அங்கே நான் ஈர்க்குச்சிக்கு மாறிவிடுவேன். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட 8 கட்டு, உதிரியாக 4 குச்சி. ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்ததும் ஒரு கட்டு மிஞ்சும். அதைப் பிரித்து உதிரியோடு சேர்த்தால் 14. நோட்டில் '4-ஐக் கீழே இறக்கு' என்று சொல்கிறோமே, அங்கே என்ன நடக்கிறது என்பது அந்தக் கட்டைப் பிரிக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

பலகைக்கு ஒரு பெரிய குறை உண்டு. எத்தனை பேர் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் குழிகள் உதவும். '28 பேர் போகணும், ஒரு ஆட்டோவில் 3 பேர், எத்தனை ஆட்டோ?' என்று கேட்டால், எத்தனை குழி எடுப்பது என்றே குழந்தைக்குத் தெரியாது. பள்ளிக் கணக்குகளில் பாதி இந்த மாதிரிதான் வருகின்றன. அதனால் பலகையை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் மூன்று மூன்றாகக் கூறு போட வைக்கிறேன். 9 கூறு, மீதி 1. அந்த ஒருவரை விட்டுவிட்டுப் போக முடியாது, அதனால் 10 ஆட்டோ வேண்டும். மீதியை என்ன செய்வது என்பது கணக்கின் கதையைப் பொறுத்தது என்று இதில் பேச வாய்ப்புக் கிடைக்கிறது. பங்கு போடுவது, கூறு போடுவது இரண்டையும் தனித்தனியாகப் பழக்காமல் 'வகுத்தல் என்றால் பங்கு' என்பதோடு நிறுத்திவிட்டால், வாக்கியக் கணக்கில் பிள்ளை திணறும். கற்பிப்பவர்கள் இதில் கவனமாக இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

3 தோசையை 2 பேருக்குப் பிரிப்பதற்கும் கொட்டை உதவாது. அதற்குக் காகிதத்தை வெட்டிக் காட்டிவிடலாம்.

பலகை இல்லாதவர்கள் இதற்காக விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கடையில் 30 முட்டை வைக்கும் அட்டைத் தட்டு போதும். ஐந்துக்கு ஆறு என்று குழிகள் இருக்கும். வகுத்தி 4 என்றால் நான்கு குழிகளைக் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். பல்லாங்குழியில் மற்றக் குழிகளிலும் காய் போட்டுக் குழப்பிக்கொள்ளும் சின்னவர்களுக்கு அந்த வெட்டிய துண்டுதான் இன்னும் வசதி.