மவுஸ் இல்லாமல் ஃபோல்டர்களுக்குள்: ஐந்து ஆண்டு அனுபவம்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் திறக்கவும் மூடவும் மவுஸைத் தேடுவதை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மணிக்கட்டு வலியால் தொடங்கியது. வலி போன பிறகும் பழக்கம் போகவில்லை.

முதல் சில வாரங்கள் கை தானாக மவுஸ் பக்கம் போகும். விண்டோஸ் விசையோடு ஈ (E) அழுத்தினால் ஃபோல்டர்களைக் காட்டும் எக்ஸ்புளோரர், உள்ளே நுழைய என்டர், ஒரு படி மேலே வர ஆல்ட்டும் மேல் அம்புக்குறியும். இந்த மூன்றும் விரலில் படிந்ததும் பாதி வேலை முடிந்தது. மேலே வர பேக்ஸ்பேஸை நம்பக் கூடாது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அது மேல் ஃபோல்டருக்குப் போனது. அதற்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, கடைசியாகப் பார்த்த இடத்துக்குப் போகிறது. ஏதாவது ஒரு ஃபோல்டருக்கு நேராகத் தாவி வந்திருந்தால் இரண்டும் வேறு வேறு இடங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் அந்த ஃபோல்டருக்கே போய் நிற்பது. நூறு ஃபோல்டர் இருந்தாலும் ஸ்க்ரோல் செய்ய வேண்டாம். இடைவெளி விடாமல் தட்ட வேண்டும். நிறுத்தித் தட்டினால் அடுத்த எழுத்தைப் புதுத் தேடலாக எடுத்துக்கொள்ளும். ஆனால் தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு சிக்கல். கீபோர்டு அந்த நேரத்தில் ஆங்கிலத்தில் இருந்தால் எதுவும் அகப்படாது. பல மாதம் மொழியை மாற்றி மாற்றித் தட்டிய பிறகு, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் இரண்டு இலக்க எண் போட்டேன்: '04 கடிதங்கள்', '12 படங்கள்'. இப்போது கீபோர்டு எந்த மொழியில் இருந்தாலும் 12 என்று தட்டினால் போதும். 4 என்று விடாமல் 04 என்று போடுங்கள், அப்போதுதான் 4-ம் 40-ம் குழம்பாது.

மெனுக்களிலும் இதே நிம்மதி. மவுஸில் துணை மெனுவை நோக்கிப் போகும்போது கொஞ்சம் வழுக்கினாலும் அது மூடிக்கொள்ளும். வலது அம்புக்குறியால் திறந்தால் இடது அம்புக்குறியைத் தொடும்வரை அசையாமல் நிற்கும். விண்டோஸ் 11-இல் வலது கிளிக் மெனு சுருக்கமாக வருகிறது. ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் பழைய முழுப் பட்டியல் கிடைக்கும்.

சரி, மவுஸே வேண்டாமா? ஒரு ஃபோல்டரில் அங்கும் இங்குமாக இருபது படங்களைப் பொறுக்க வேண்டுமென்றால் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கிளிக் செய்வதுதான் வேகம். அதற்கு மட்டும் இன்றும் மவுஸை எடுக்கிறேன்.