பதினொரு வருடமாக ஒரே காலண்டர்: ஐசிஎஸ் கோப்புகளோடு என் அனுபவம்

2013-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். அதற்கப்புறம் நான்கு போன், மூன்று லேப்டாப், ஐந்தாறு காலண்டர் செயலிகள் மாறிவிட்டன. உள்ளே இருக்கும் காலண்டர் மட்டும் அன்று தொடங்கியதேதான். தம்பி கல்யாண முகூர்த்தம், அம்மாவின் கண் ஆபரேஷன் நாள் எல்லாம் தேடினால் கிடைக்கின்றன. இதற்குக் காரணம் காலண்டர் நிகழ்ச்சிகளை எழுதிவைக்கும் ஐசிஎஸ் என்ற சாதாரண எழுத்துக் கோப்பு. எந்தச் செயலியை விட்டுப் போனாலும் முதலில் அதில் ஏற்றுமதி செய்துகொண்டுதான் வெளியேறுவேன்.

நோட்பேடில் திறந்தாலே படித்துவிடலாம். பிகின் விஈவென்ட் என்ற வரியில் தொடங்கி எண்ட் விஈவென்ட் என்ற வரியில் முடிவது ஒரு நிகழ்ச்சி. நடுவில் டிடிஸ்டார்ட் தொடங்கும் நேரம், சம்மரி தலைப்பு, யூஐடி அந்த நிகழ்ச்சிக்கு மட்டுமே உரிய அடையாளம். 1996-ல் ஆப்பிள், ஐபிஎம், ஏடி அண்ட் டி, சீமென்ஸ் சேர்ந்த கூட்டமைப்பு வெளியிட்ட விகேலண்டர்தான் இதன் மூதாதை. 1998-ல் அது ஐகேலண்டர் என்ற இணையத் தரமானது. இன்று செயலிகள் பின்பற்றுவது 2009-ல் வந்த ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தர ஆவணம்.

இந்தத் தரத்தை நான் ஊன்றிப் படித்ததற்குக் காரணம் ஒரு வேலைக் கூட்டம். செவ்வாய்தோறும் லண்டன் நேரம் காலை 10 மணிக்குப் பேசுவோம். குளிர்காலத்தில் அது நமக்கு மதியம் 3:30. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதும் நமக்கு 2:30 ஆகிவிடும். எனக்கு வந்த அழைப்பில் நேரம் இசட் என்ற எழுத்தோடு முடிந்திருந்தது. இசட் என்றால் உலகப் பொது நேரம். கோடை, குளிர் என்று அது மாறாது. ஏப்ரலில் நான் 3:30-க்கு உள்ளே போனபோது கூட்டமே முடிந்திருந்தது. அழைப்பில் நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட்ஐடி என்று போட்டு யூரோப்/லண்டன் என எழுதியிருந்தால் செயலியே சரியாகக் கணக்குப் போட்டிருக்கும். இப்போதெல்லாம் வெளிநாட்டு அழைப்பு வந்தால் கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்கிறேன்.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகக் கூடாது, மிச்சத்தை மடித்து அடுத்த வரியில் ஓர் இடைவெளி விட்டுத் தொடர வேண்டும் என்கிறது தரம். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘க’ 3 பைட், ‘கு’ 6 பைட். ‘ஞாயிறு காலை அத்தை வீட்டில் வளைகாப்பு’ என்று எழுதுவதற்குள் வரி நிறைந்துவிடும். எழுதும் செயலி ஓர் எழுத்தின் பாதியில் மடிக்க, படிக்கும் செயலி வரிகளை ஒட்டுவதற்கு முன்பே எழுத்தாக மாற்றினால், நடுவில் கேள்விக்குறிக் கட்டங்கள் வந்து நிற்கும். முதலில் பைட்டுகளாகவே ஒட்டிவிட்டு அப்புறம் எழுத்தாக மாற்ற வேண்டும். பைத்தான் நிரலில் பத்து வரி எழுதி என் பழைய கோப்புகள் எல்லாவற்றையும் மீட்டேன். புதிதாக எந்தச் செயலியை எடுத்தாலும் நீளமான தமிழ்த் தலைப்பு ஒன்றை ஏற்றி இறக்கிப் பார்ப்பதுதான் என் முதல் சோதனை.

முழுநாள் நிகழ்ச்சியில் முடிவு நாள் கணக்கில் சேராது. பொங்கல் விடுமுறை 15 முதல் 17 வரை என்றால் முடிவைச் சொல்லும் டிடிஎண்ட் வரியில் 18 என்று எழுத வேண்டும். இது தெரியாமல் எழுதிய செயலியால் எனக்குக் காணும் பொங்கல் காணாமல் போயிருக்கிறது.

கோப்பை இறக்குமதி செய்தால் அன்றைய நிலை மட்டும்தான் வரும். பின்னால் மாறுவதும் வரவேண்டுமென்றால் முகவரி கொடுத்துச் சந்தா சேர வேண்டும், அல்லது காலண்டர்களை ஒத்திசைக்கும் கால்டேவ் என்ற நெறிமுறையைப் பயன்படுத்த வேண்டும். நான்கு வருடமாக வீட்டில் ஒரு பழைய கணினியில் ராடிகேல் என்ற கால்டேவ் சர்வர் ஓடுகிறது; அதோடு ஒத்திசைக்கப் போனில் டாவ்எக்ஸ்5 செயலி, லேப்டாப்பில் தண்டர்பேர்ட். ராடிகேல் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனித்தனி ஐசிஎஸ் கோப்பாகவே வைப்பதால் காப்புப்பிரதி எடுப்பது வெறும் ஃபோல்டரை நகலெடுக்கும் வேலைதான்.

தீராத குறை ஒன்று உண்டு. அப்பாவின் திதி ஆவணி தேய்பிறை தசமி. ‘வருடாவருடம்’ என்று சொல்லும் ஆர்ரூல் விதிக்கு ஆங்கிலத் தேதிதான் தெரியும். மற்ற நாட்காட்டிகளுக்காக 2015-ல் ஆர்எஃப்சி 7529 வந்தது. நான் பயன்படுத்தும் செயலிகளில் திதி பார்த்துக் கணக்கிட இன்னும் வழியில்லை. அதனால் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் தேதி பார்த்து நானே ஒரு விஈவென்ட் எழுதுகிறேன். நேரம் போடாமல் தேதியை மட்டும் எழுதுவதால் டொரன்டோவில் இருக்கும் தங்கையின் போனிலும் அது நாள் மாறாமல் தெரிகிறது. குறிப்பில் அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் எழுதிவைக்கிறேன். போன வருடம் பலாக்கொட்டைப் பொரியல் என்ற வரியை அவள் சேர்த்தாள். சாயங்காலம் அது என் போனில் வந்து நின்றது.