பத்து வெள்ளியில் பகல் சாப்பாடு: பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து கோலாலம்பூர் வரை

நான் ஏர்கோன் (குளிர்சாதனம்) வேலை செய்கிறவன். வீடு பத்தாங் பெர்ஜுந்தையில். 2007 முதல் சாலைப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று இருக்கிறது, ஊர்க்காரர்கள் வாயில் பழைய பெயர்தான். வேலை கோலாலம்பூரைச் சுற்றி: ரவாங், செலாயாங், சுங்கை பூலோ, செந்தூல், சில நாள் கிள்ளான், ஷா ஆலாம். மதியச் சாப்பாடு கைக்காசு. பல வருடமாக இப்படி வெளியில் சாப்பிட்டே ஓடுகிறது. எந்த வழியில் தேடினால் மலிவாக, நல்லதாகக் கிடைத்தது, எதில் காசு வீணானது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் அளவு இதுதான். சோறு, ஒரு கறி அல்லது மீன், இரண்டு காய், ரசம், குடிக்க ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்). பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) இருக்க வேண்டும், மீறினால் பன்னிரண்டு. மாலை ஐந்து மணி வரை ஏணியில் ஏறி இறங்க வயிறு தாங்க வேண்டும், நடுவில் கழிவறையைத் தேடி ஓடவும் கூடாது. நட்சத்திரம், அலங்காரம், பாட்டு எதுவும் என் கணக்கில் வராது.

இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபட்ட அடையாளம் ஒன்றுதான்: கடையில் சாப்பாடு எத்தனை மணிக்குத் தீர்கிறது? ஒன்றரைக்கெல்லாம் காய்ச்சட்டியை வழித்துக் கவிழ்த்துவிடும் கடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம். காலையில் எவ்வளவு போகும் என்று தெரிந்து அவ்வளவே சமைக்கிறார்கள். மிச்சம் கிடையாது, மறுநாள் சூடு பண்ணுவது கிடையாது, குப்பைக்குப் போனதற்கும் சேர்த்து நம்மிடம் விலை வாங்க வேண்டியதும் கிடையாது. இரவு பத்து மணி வரை அதே கோழிக்கறி தட்டுத் தட்டாக நிற்கும் கடையில் வாடகை, மின்சாரம், இரண்டு ஷிப்ட் ஆள் சம்பளம் எல்லாம் நம் இலையில்தான் ஏறும்.

எங்கள் ஊரிலேயே அப்படி ஒரு கடை இருக்கிறது. அக்கா ஒருவர், உதவிக்கு இரண்டு பெண்கள். பெயரைப் போட்டால் சனிக்கிழமை எனக்கே இடம் கிடைக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். விடிவதற்கு முன் இட்லி, தோசை, பொட்டல நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு). பதினொன்றரைக்கு வாழை இலை. பயத்தங்காய், கோபிஸ் பொரியல், பூசணிக் கூட்டு என்று மூன்று காய் வரும். பாகற்காயை நகக்கனத்துக்குச் சீவி மொறுமொறுவென்று பொரித்துப் போடுவார். அது இரண்டாவது தடவை கேட்டால்கூடக் கிடைக்கும், மூன்றாவது தடவை ஒரு பார்வை கிடைக்கும். காய், சோறு, குழம்பு, அப்பளம் எல்லாம் சேர்த்து எட்டு வெள்ளி. கோழிக்கு நான்கு கூடுதல். பொரித்த கானாங்கெளுத்தி சின்னது என்றால் மூன்று.

ஒரு மணிக்கு மேல் போனால் பேச்சு இப்படி இருக்கும்:

"என்னா தம்பி, இப்பத்தான் வர்றீங்க? பெரட்டல் முடிஞ்சிருச்சு."

"கோழி இருக்காக்கா?"

"கழுத்தும் முதுகும்தான் கெடக்கு. காசு வேணாம், எடுத்துக்குங்க. ரெண்டு முட்டை பொரிச்சுத் தரவா?"

இதே இலைக்குக் கோலாலம்பூரில் வசதியானவர்கள் இருக்கும் பங்சாரில் உட்கார்ந்தால் காயும் சோறும் மட்டுமே பன்னிரண்டு வெள்ளியைத் தொட்டுவிடும். அங்கே சமைப்பவர்கள் மட்டம் என்று நான் சொல்லவில்லை. சில கடைகளில் ரசம் நம்மூரைவிடக் காரசாரமாகவே இருக்கும். வாடகை வேறு, வாடிக்கையாளர் வேறு.

எங்கள் அக்கா கடைக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்தாலே விலை ஏன் ஏறவில்லை என்று புரியும். பக்கத்தில்தான் தென்னமரம் என்ற பெயருள்ள தோட்டம். நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டது அங்கே, 1917-இல். தோட்ட வேலையில் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். நம் ஆட்கள் லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்து வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் மதியம் கடையில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், சிலாங்கூர் பல்கலைக்கழக மாணவர்கள், சுற்றுவட்டாரத்துக் கிழவர்கள். எல்லாரும் தினமும் வருகிறவர்கள், எல்லாரும் கைக்காசில் சாப்பிடுகிறவர்கள். இவர்களிடம் ஐம்பது காசு ஏற்றினாலும் அக்கா ஒரு வாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நகரத்திலும் நான் இதையேதான் தேடுகிறேன்: தொழிலாளி தன் சொந்தக் காசில் தினமும் சாப்பிடும் இடம். அது பிரிக்பீல்ட்ஸ் பெரிய சாலையில் குறைவு. 2010-இல் அந்தப் பகுதியை லிட்டில் இந்தியா என்று வளைவும் விளக்கும் வைத்துத் திறந்தார்கள். கூட்டம் கூடியது, காடி (கார்) நிறுத்தத்தான் இடமில்லை. ஸ்காட் சாலைப் பக்கம் விஷால் போன்ற பழைய கடைகளில் சாப்பிட எனக்கும் பிடிக்கும், ஆனால் அது குடும்பத்தோடு போகும் நாளுக்கு. வேலை நாளில் என் வேன் போய் நிற்பது செகாம்புட் பட்டறைச் சந்து, சுங்கை பூலோ தொழிற்பேட்டை, ரவாங்கில் தொழிற்சாலைகளின் பின்பக்கம், கிள்ளானில் மேரு பக்கம். வாசலில் லோரியும் கம்பெனிச் சட்டைக்காரர்களும் இருந்தால் இறங்குவேன். உள்ளே எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தால் வண்டியைத் திருப்பிவிடுவேன்.

விடியற்காலை வேலை என்றால் செலாயாங் மொத்தச் சந்தைப் பக்கம். இரவு முழுக்கக் காய்கறி இறங்கும் இடம், அதனால் மற்ற ஊர் தூங்கும் நேரத்தில் அங்கே அடுப்பு எரியும். ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி) இரண்டு, தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஒன்று, ஆறு வெள்ளிக்குள் முடிந்துவிடும். மூட்டை தூக்குகிறவர்கள் சாப்பிடும் இடம் என்பதால் பருப்புக் குழம்பு தண்ணியாக இருக்காது.

அடுத்து, கைப்பேசி. கூகுள் மேப்பின் நட்சத்திரத்தை நான் பார்ப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. மலிவுக் கடைக்கு நட்சத்திரம் போட யாரும் மெனக்கெடுவதில்லை. கோபம் வந்தவன் மட்டும் ஒன்று போட்டுவிட்டுப் போவான், அதுவும் ஈ இருந்தது என்றோ நிறுத்த இடமில்லை என்றோ இருக்கும். ஆனால் அதில் இருக்கும் படங்கள் தங்கம். புதிதாக ஏற்றிய படங்களில் சுவரில் மாட்டிய விலைப்பட்டியல், யாரோ எடுத்த ரசீது, இலையில் கோழித் துண்டின் அளவு எல்லாம் தெரியும். தேடும்போது ஆங்கிலத்தில் அடிக்காமல் மலாயில் 'நாசி டாவுன் பீசாங்' (வாழை இலைச் சோறு) என்று அடித்துப் பாருங்கள். சுற்றுலாக்காரர்களுக்கான கடைகள் பின்னுக்குப் போய், சந்துக் கடைகள் முன்னால் வரும். திறக்கும் நேரத்தை மட்டும் நம்பாதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள்.

கிராப்பில் (வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பும் செயலி) வாங்குவதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் எட்டு என்று இருப்பது அங்கே பத்துக்கு மேல் தெரியும், அனுப்பும் கூலி தனி, குழம்பு ஆறி வரும். காய்ச்சல் நாளுக்கு உதவும்.

ரஹ்மா மெனுவைப் பலர் கேட்கிறார்கள். 2023 தொடக்கத்தில் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சராக இருந்த சலாவுடின் அயூப் கொண்டுவந்தது: ஐந்து வெள்ளி அல்லது அதற்கும் குறைவு, வயிறு நிறைய ஒரு சாப்பாடு. அவர் அதே வருடம் காலமானார், திட்டம் நின்றுவிடவில்லை. நான் இதை ரொம்பவே பயன்படுத்தியிருக்கிறேன். மாமாக் கடைகளிலும் (இந்திய முஸ்லிம் உணவகங்கள்) பேரங்காடி உணவுக் கூடங்களிலும்தான் அதிகம் கிடைக்கும். சோறு, ஒரு கோழித் துண்டு அல்லது முட்டை, கொஞ்சம் காய். நல்ல கடையில் ஐந்து வெள்ளிக்கு அதைவிடப் பெறுமதி கிடையாது. தொந்தரவு என்னவென்றால், வாசலில் ஸ்டிக்கர் இருக்கும், மேசைக்கு வரும் பட்டியலில் இருக்காது. வாய்விட்டுக் கேட்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள், கேட்கிறவர்களுக்குத்தான் அது கிடைக்கிறது. பன்னிரண்டரைக்கு மேல் "ஹாபிஸ்" (தீர்ந்துவிட்டது) என்று கையை விரித்துவிடுவார்கள்.

எடுத்துப்போட்டுக்கொள்ளும் நாசி சம்பூர் கடையில் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: தட்டோடு நேராகக் கல்லாவுக்குப் போய்க் காசைக் கட்டிவிட்டு உட்காருங்கள். கல்லாக்காரர் கண்ணால் பார்த்து விலை சொல்கிறவர். சாப்பிட்டு முடித்த தட்டுக்கு அவர் சொன்னதுதான் விலை. முன்னாலேயே கேட்டால், அதிகம் என்று தோன்றியதைத் திருப்பி வைக்கலாம். மீன் முட்டை, பெரிய இறால், கணவாய் மூன்றையும் விலை கேட்காமல் தொடாதீர்கள். நாசி கண்டார் (மாமாக் கடைச் சோறும் கறியும்) வாங்கினாலும் அப்படித்தான். எல்லாக் குழம்பையும் கலந்து 'பஞ்சிர்' ஊற்றச் சொன்னால் காசு ஏறாது, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வாழை இலைக் கடையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நகரத்தில் ஒரு கடை. சோறு போட்டவுடன் பெரிய தாம்பாளத்தில் சின்னச் சின்னக் கிண்ணமாக நண்டு, கணவாய், ஆட்டுப் பெரட்டல் என்று முகத்துக்கு நேரே நீட்டினார்கள். என் உதவியாள் பையன் கணவாய்க்குத் தலையாட்டினான். ஐந்தாறு துண்டுக்குப் பதினெட்டு வெள்ளி எழுதினார்கள். சுவரில் விலை எங்கும் இல்லை. விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம், இல்லாவிட்டால் உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் கொடுக்கலாம். நான் இப்போது பையன்களிடம் சொல்வது: சைவ இலை கேள், குழம்பு மட்டும் கோழிக்குழம்பு ஊற்றச் சொல், ஒரு முட்டைப் பொரியல் தனியாக வாங்கு. பங்சார் மாதிரி இடத்தை விட்டால் எந்த ஊரிலும் இது பத்துப் பதினொன்றுக்குள் அடங்கும், சோறும் காயும் இரண்டாவது சுற்று சும்மாவே வரும்.

ரசீதையும் பாருங்கள். வருடத்துக்கு 15 லட்சம் வெள்ளிக்கு மேல் வியாபாரம் பண்ணும் உணவகம்தான் 6 விழுக்காடு சேவை வரி பிடிக்கும். 2024 மார்ச்சில் மற்ற பல சேவைகளுக்கு 8 ஆக்கினார்கள், சாப்பாட்டுக்கு 6-இலேயே விட்டுவிட்டார்கள். பேரங்காடிக் கடைகளில் அதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் வேறு. பத்து வெள்ளி என்று உட்கார்ந்து பதினொன்று அறுபது கட்டிவிட்டு எழுந்திருப்போம். தோட்டத்து ஊர்க் கடைகளுக்கு இந்தக் கணக்கே கிடையாது.

மலிவுக்காகத் தூரம் போவதும் குறைந்துவிட்டது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15-இலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. என் வேன் டீசல் வண்டி. முன்பெல்லாம் சுங்கை பூலோவில் வேலை முடிந்தால் லாத்தார் நெடுஞ்சாலை பிடித்து ஊருக்கே வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவேன். டோலும் டீசலும் சேர்த்தால் அந்த எட்டு வெள்ளி இலை இருபதுக்கு மேல் போய்விடும். கோழி விலைக் கட்டுப்பாட்டை 2023 நவம்பரில் எடுத்தபோது எல்லாரும் பயந்தார்கள். நான் சாப்பிடும் கடைகளில் விலையைவிடத் துண்டுதான் இளைத்தது.

காலம் பார்த்துப் போவதும் ஒரு தந்திரம். நோன்பு மாதத்தில் மலாய்க் கடைகள் பகலில் மூடியிருக்கும், அதனால் வாழை இலைக் கடைகளில் வழக்கத்தைவிடக் கூட்டம், பன்னிரண்டுக்கு முன்பே போய்விட வேண்டும். புரட்டாசியில் சைவச் சாப்பாட்டைக் கொஞ்சம் கவனித்துச் செய்வார்கள், மற்ற மாதங்களில் பார்க்காத வாழைப்பூவும் கருணைக்கிழங்கும் இலைக்கு வரும். வெள்ளிக்கிழமைகளிலும் அப்படியே. தைப்பூசத்துக்குப் பத்துமலைப் பக்கம் வேலை எடுத்தால் சாப்பாட்டுக் காசே தேவையில்லை. பந்தல் பந்தலாக அழைத்துப் போடுவார்கள். வேனை நிறுத்த இடம் கிடைப்பதற்குத்தான் முருகன் அருள் வேண்டும்.

சுத்தத்துக்கு நகராண்மை ஒட்டும் ஏ, பி, சி தரச் சான்றிதழைப் பார்ப்பேன். பி இருந்தால் எனக்குப் போதும். அதைவிடக் கைகழுவும் தொட்டியைப் பார்ப்பேன், சோப்பு இருக்கிறதா, அடைத்து நிற்கிறதா என்று. அதைப் பார்க்காத முதலாளி சமையல்கட்டையும் பார்க்க மாட்டார்.

பொட்டலம் கட்டுகிறவர்கள் சொந்த டிபன் கேரியர் கொண்டு போங்கள். சிலாங்கூரில் 2017-இல் பிளாஸ்டிக் பைக்கு 20 காசு என்று கொண்டுவந்தார்கள், சோற்றுப் பெட்டிக்குக் கடைக்காரர் ஐம்பது காசு போடுவார். காசு ஒரு பக்கம் இருக்கட்டும். பெட்டிக்கு அளவு உண்டு, கேரியருக்கு அளவு தெரியாது. எங்கள் அக்கா மேல்தட்டு மூடாத அளவுக்கு அமுக்கித்தான் சோறு போடுவார். கடை திங்கட்கிழமை அடைப்பு. மற்ற நாளில் பன்னிரண்டு மணிக்குள் வந்தால் பெரட்டலும் இருக்கும்.