தொழிலாளர் வழக்குக்கு வக்கீல் வைக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: என் மூன்று வருடம் போன விதம்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் டீ பேக்டரியிலோ எஸ்டேட்டிலோ வேலை பார்த்து, வேலை போன விஷயமாக வக்கீல் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். யார் பெயரையும் எழுதவில்லை. வக்கீல்கள் மீதான புகாரை விசாரிக்கும் பார் கவுன்சிலில் என் புகார் நிலுவையில் இருக்கிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு பேக்டரியில் 14 வருடம் கிளார்க்காக இருந்தேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையை எடை போட்டு, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது போக மீதியை நோட்டில் ஏற்றி, ரசீது கிழித்துக் கொடுப்பது என் வேலை. கடைசியாக வாங்கிய சம்பளம் 13,000 ரூபாய். நான்கு மாதமாக பி.எஃப். பணம் கணக்கில் ஏறவில்லையே என்று ஒரு நாள் கேட்டேன். அடுத்த வாரம், 2022 மார்ச் 14 காலையில், மேனேஜர் என்னை வாசலிலேயே நிறுத்தி, "இனிமே வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். கடிதம் கிடையாது, விசாரணை கிடையாது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு வக்கீலிடம் போனேன். நன்றாகப் பேசினார். "தம்பி, பதினாலு வருஷம் வேலை செஞ்சவனை வாய் வார்த்தையில அனுப்ப முடியாது. திரும்ப வேலையும் வாங்கித் தரேன், விட்டுப்போன சம்பளமும் வாங்கித் தரேன். கிடைக்கறதுல எனக்கு முப்பது பர்சென்ட்" என்றார். அப்போது அது எனக்கு நியாயமான பேச்சாகத்தான் பட்டது. ஜெயித்தால்தானே அவருக்கும் காசு, அதனால் முயற்சி எடுப்பார் என்று நம்பினேன். வழக்கில் கிடைக்கும் பணத்தில் பங்கு பேசுவதையே பார் கவுன்சில் விதி தடுக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் நாளே யாராவது பர்சென்ட் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். அன்றைக்கு 15,000 கொடுத்தேன். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். கூடவே நான்கு வெள்ளைத் தாளிலும் போட்டேன். ரசீது கேட்கவில்லை.

அடுத்து சமரசப் பேச்சு. வேலைநீக்கம் சம்பந்தமான புகார் முதலில் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம்தான் போக வேண்டும். எங்கள் பக்கம் இன்னும் லேபர் ஆபீசர் என்றுதான் சொல்வார்கள். குன்னூரில் ஆறு முறை கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஆஜராவதற்கு என்று வக்கீல் 3,000 வாங்கினார். ஆனால் ஒருமுறைகூட அந்த அறைக்குள் வரவில்லை. கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். "நீங்க மட்டும் போயிட்டு வாங்க தம்பி, நான் இருக்கறது தெரிஞ்சாலே அவங்க இறங்கி வருவாங்க" என்பார். வழக்குக் காகிதக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் மட்டும் மேலே போவேன். கம்பெனி தரப்பில் மேனேஜரும் இன்னொருவரும் வருவார்கள். அதிகாரி கேட்பதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தால், வக்கீல் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருப்பார், அதற்கும் நான்தான் காசு கொடுப்பேன்.

அவர் உள்ளே வராததற்குக் காரணம் வேறு. அப்போது நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் 36ஆவது பிரிவு, சமரசப் பேச்சில் யார் சார்பாகவும் வக்கீல் ஆஜராக இடம் தரவில்லை. தொழிலாளி தானாகப் பேசலாம், அல்லது தொழிற்சங்க நிர்வாகி ஒருவரைக் கூட்டிப் போகலாம். அவ்வளவுதான். அதாவது, சட்டப்படி தன்னால் நுழையவே முடியாத அறைக்கு ஆஜராகும் கூலி என்று சொல்லி என்னிடம் 18,000 வாங்கியிருக்கிறார். ஊரில் சங்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டிருந்தால் பஸ் காசு மட்டும்தான் செலவாகியிருக்கும்.

2022 டிசம்பரில் சமரசம் முறிந்ததாக அறிக்கை வந்தது. இனி கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும், கோர்ட் ஃபீஸ் 22,000 ஆகும் என்றார். மனைவியின் கம்மலை அடகு வைத்துக் கொடுத்தேன். கேட்கிற தொகைக்கு ஏற்றபடி கோர்ட் ஃபீஸ் கட்டுவதெல்லாம் சிவில் வழக்கில்தான், தொழிலாளர் நீதிமன்றத்தில் அப்படி எதுவும் இல்லை என்று எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

2023 பிப்ரவரியில் வழக்கு போட்டாகிவிட்டது என்றார். அதற்கப்புறம் வாய்தா வாய்தாவாகப் போனது. ஜட்ஜ் லீவு, எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டார்கள், கவுன்டர் (பதில் மனு) போடவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் 2,000. மொத்தம் 14 வாய்தா. "நீங்க வர வேண்டிய அவசியம் இல்ல, வந்தா ஒரு நாள் கூலி போயிடும்" என்று அக்கறையாகச் சொல்வார். நான் அப்போது ஒரு நர்சரியில் நாள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதனால் அந்தப் பேச்சு எனக்கு நன்றிக்குரியதாகத்தான் தெரிந்தது.

இப்போது நினைத்தாலும் தூக்கம் வராத இடம் ஒன்று உண்டு. 2024 டிசம்பரில், மச்சினன் மகன் ஊருக்கு வந்திருந்தான். "மாமா, கேஸ் நம்பர் இருந்தா நாமளே பாத்துக்கலாமே" என்றான். அடுத்த நாளே வக்கீலிடம் போய்க் கேட்டேன். முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் ஒரு எண்ணும் வருடமும் எழுதிக் கொடுத்தார். மூன்று இலக்கம், சாய்கோடு, 2023. பையன் போனில் தேடிப் பார்த்தான், ஒன்றும் சரியாக வரவில்லை. "தொழிலாளர் கோர்ட்டு அதுல வராது" என்றார் வக்கீல். தாளை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். அந்த வாரமே பஸ் ஏறியிருந்தால் இன்னும் மூன்று மாதம் கையில் இருந்திருக்கும்.

கடைசியில் என்னைக் கிளப்பியது மனைவிதான். 2025 ஜூலையில் ஒரு நாள் ராத்திரி, "அவரு சொல்றது எல்லாம் சரியாவே இருக்கட்டும். நீங்க ஒரே ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடுங்க, எனக்காக" என்றாள். காலையில் முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோயம்புத்தூர் போனேன். நீதிமன்ற அலுவலகத்தில் ஒரு பெண் ஊழியர் நாள்காட்டித் தாளை வாங்கிப் பார்த்தார். பெரிய பதிவேட்டை எடுத்து விரலை வைத்து வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. பதிவேட்டை என் பக்கம் திருப்பி, "இங்க பாருங்கண்ணா, இது உங்க கேஸ் இல்லையே" என்றார். அந்த எண்ணில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளியின் பெயர் இருந்தது. முன்னும் பின்னும் இரண்டு வருடத்துக்கு என் பெயரைத் தேடிப் பார்த்தார். இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "வேலைய விட்டு எப்ப நிறுத்துனாங்க?" என்று கேட்டார். தேதியைச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை.

அந்த மௌனத்துக்கு அர்த்தம் இதுதான். வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளி, சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து 45 நாள் ஆகிவிட்டால், அரசு அனுப்பி வைக்கும்வரை காத்திருக்காமல் நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2010இல் அந்தப் பழைய சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் சொன்னது. ஆனால் வேலையை விட்டு நிறுத்திய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போயிருக்க வேண்டும். என் மூன்று வருடம் 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. நான் வாய்தாக் காசு கொடுத்துக்கொண்டிருந்தபோதே முடிந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன, அதில் இந்தக் காலம் இரண்டு வருடமாகக் குறைந்துவிட்டது. இன்று வேலை போகிறவர்களுக்கு என்னைவிடக் குறைவான நாள்தான் இருக்கிறது.

திரும்பி வந்து வக்கீலிடம் கேட்டேன். முதலில் குமாஸ்தா தவறு என்றார், பிறகு கத்தினார். கட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றால், இன்னும் 20,000 பாக்கி, அதைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போ என்றார். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு பதிவுத் தபால் அனுப்பினேன். பத்து நாளில் கட்டு வந்தது. உள்ளே நான் கையெழுத்துப் போட்ட வக்காலத்து அப்படியே இருந்தது, ஸ்டாம்ப்கூட ஒட்டாமல். வெள்ளைத் தாள்கள் நான்கும் இல்லை.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று ஊட்டியில் விசாரித்தேன். முடியாது. வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மிச்சம் இருந்தது, 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவில் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்குப் புகார். செப்டம்பரில் அனுப்பினேன். அந்த வக்கீலை அவர்கள் கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை போடலாம், பட்டியலிலிருந்தே நீக்கலாம். என் வழக்கை அது திருப்பித் தராது, தெரியும். நான் கொடுத்த மொத்தம் 83,000. அதில் இரண்டே இரண்டு வாய்தாக் காசு மட்டும் குமாஸ்தா நம்பருக்கு ஜிபே போட்டிருந்தேன். கையில் சாட்சியாக இருப்பது அந்த 4,000 ரூபாயும் நாள்காட்டித் தாளும்தான். அதனால் சொல்கிறேன், பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். எதற்கு என்று எழுதி, வக்கீல் கணக்குக்கே அனுப்புங்கள். மனு போட்டாகிவிட்டது என்றால் கோர்ட் சீல் விழுந்த நகலைக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் அதே வாரம் நேரில் போய்ப் பதிவேட்டைப் பாருங்கள்.

இன்னொன்றும் எனக்கு அப்போது தெரியவில்லை. தொழிலாளிக்கு அரசே இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே உதவி பெறக் கூடியவர்கள் பட்டியலில் தொழிலாளர்களும் பெண்களும் இருக்கிறார்கள். ஊட்டியில் மாவட்ட அலுவலகம் இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். இப்போது எனக்கு அங்கே கொடுத்த வக்கீல்தான் கிராஜுவிட்டி (பணிக்கொடை) மனு எழுதிக் கொடுத்தார். வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. என் 14 வருடத்துக்கு 1,05,000 வருகிறது, வட்டி தனி. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்பதற்கு கிராஜுவிட்டிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

அதே பேக்டரியில் டிரையர் பக்கம் வேலை பார்த்த அக்கா ஒருவரையும் 2025 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். அவரும் அதே வக்கீலிடம்தான் பணம் கொடுத்திருந்தார். குன்னூரில் மனு கொடுத்தாகிவிட்டது என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருந்தார். போன வாரம் இருவரும் சேர்ந்து போய்க் கேட்டோம். அவர் பெயரில் எதுவும் இல்லை. ஆனால் அவருக்கு இன்னும் நாள் இருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினோம். ஊழியர் வாங்கி, நகலில் தேதியோடு சீல் வைத்துக் கொடுத்தார். அக்கா அதைச் சேலை முந்தானையால் துடைத்து, மை காயும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.