அப்பாயி அமுக்கினாலும் படம் விழ வேண்டும்: சோனி டபிள்யூ830, ஒன்பது மாதத்துக்குப் பிறகு

எங்கள் வீட்டில் மாமனாருடைய படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அடையாள அட்டைக்காக எடுத்த சின்னப் படம். அவர் இறந்த அன்று அதை ஹட்டன் டவுனுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கி மாலை போட்டோம். ஆயுசெல்லாம் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்த மனிதர், அந்தப் படத்தில் யாரோ போல விறைத்துக்கொண்டு நிற்கிறார். வீட்டில் அவர் சிரிக்காத நாள் கிடையாது. அந்தச் சிரிப்பு ஒரு படத்திலும் இல்லை.

அடுத்து, என் போன் மழையில் நனைந்து செத்துப்போனது. மகன் நடக்கப் பழகிய நாட்களின் படமெல்லாம் அதற்குள்ளேதான் இருந்தன. அன்றைக்கே முடிவு செய்தேன், வீட்டுப் படத்துக்கென்று தனியாக ஒரு சின்ன டிஜிட்டல் கமரா வாங்குவதென்று. கையில் இருந்தது 30,000 ரூபாய்.

கொழும்பில் வேலை செய்கிற தம்பி, "அக்கா, இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து நல்ல போனா வாங்குங்க" என்றான். அதில் நியாயம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். ஆனால் அவன் யோசிக்காத விஷயம் அப்பாயியின் விரல்.

அப்பாயி என் மாமியார். பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரியே எங்களுக்கும் அவர் அப்பாயிதான். முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்த கை. விரல் நுனியெல்லாம் காய்த்து, வெடித்து, தேயிலைக் கறை ஏறிப்போய் இருக்கும். இப்போதைய போன்களின் தொடுதிரை, மின்சாரம் கடத்துகிற நம் தோலை உணர்ந்துதான் வேலை செய்கிறது. காய்ந்து தடித்த விரலைப் பல நேரம் அது கண்டுகொள்வதே இல்லை. என் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால் நான்கு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "இது நமக்கு வராது தாயி" என்று திருப்பித் தந்துவிடுவார். அதனால் எங்கள் குடும்பப் படம் எதிலும் ஒன்று நான் இல்லை, இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது, அமுக்கினால் உள்ளே போய் 'கிளிக்' என்று கேட்கிற ஒரு பட்டன்.

ஹட்டனில் முதலில் ஏறிய கடையில் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார்கள். பெயர் கேள்விப்படாத கம்பெனி. பெட்டியில் 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஸூம் என்று கொட்டை எழுத்து. "டீச்சர், இந்த விலைக்கு இதுதான் பெஸ்ட்" என்றார் கடைக்காரர். ஸூமை முன்னே தள்ளிப் பார்த்தேன். லென்ஸ் அசையவே இல்லை. லென்ஸ் அசையாத ஸூம், டிஜிட்டல் ஸூம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதிப் பெரிதாக்குவதுதான் அது. அந்த 48 மெகாபிக்சலும் பெரும்பாலும் அப்படித்தான்: உள்ளே வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குகிற சென்சர் சின்னது, இல்லாத புள்ளிகளைக் கணக்குப் போட்டு நிரப்பி எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானாக வாங்கலாம். குடும்பப் படத்துக்கு வேண்டவே வேண்டாம்.

மெகாபிக்சல் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எல்லாக் கடையிலும் முதல் பேச்சே அதுதான். நாங்கள் ஸ்டூடியோவில் கழுவுகிற 4ஆர் படம் 6க்கு 4 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 1800க்கு 1200, மொத்தம் 22 லட்சத்துக்குக் கிட்டப் புள்ளிகள். அதாவது 2 மெகாபிக்சல் சொச்சம் போதும். சுவரில் மாட்டப் பெரிதாக எடுத்தாலும் 8 மெகாபிக்சலுக்கு மேல் எனக்குத் தேவைப்படாது. அதனால் மெகாபிக்சல் விசாரிப்பதை அந்தக் கடை வாசலிலேயே விட்டுவிட்டேன்.

புதுசு இந்தக் காசுக்குக் கட்டாது என்று தெரிந்ததால் பாவித்த கமராக்களைத் தேடிக் கண்டிக்குப் போனோம். கையில் எடுத்துப் பார்த்தவை மூன்று. நிக்கோன் கூல்பிக்ஸ் ஏ10, 16 மெகாபிக்சல், 5 மடங்கு ஸூம். அது ஓடுவது இரண்டு பென்டோர்ச் பெட்டரியில். தோட்டத்துக் கடையிலேயே பெட்டரி கிடைக்கும் என்பதால் என் வீட்டுக்காரர் அதைத்தான் விரும்பினார். இரண்டாவது கெனன் இக்ஸஸ் 185. 20 மெகாபிக்சல், 8 மடங்கு ஸூம், கைக்குள் அடங்குகிற அழகான சாமான். மூன்றாவது சோனி சைபர்ஷொட் டபிள்யூ830. 2014இல் வந்த மாடல், அதுவும் 20 மெகாபிக்சல், 8 மடங்கு ஸூம். மூன்றுக்கும் உள்ளே பழைய சிசிடி வகைச் சென்சர், சிறுவிரல் நகம் அளவு. வீடியோவும் மூன்றிலும் 720பி மட்டும்தான், முழு எச்டி இல்லை.

இப்படிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. ஆனால் சோனியில் மட்டும் ஆடாமல் பிடிக்கும் வசதி லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஒப்டிக்கல் ஸ்டெடிஷொட் என்று எழுதியிருப்பார்கள். மற்ற இரண்டிலும் லென்ஸுக்குள் அது இல்லை.

இது எங்கள் பக்கத்தில் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், வெளிச்சம் இல்லை. வைகாசி பிறந்து மழை பிடித்தால் டிக்கோயாவில் பின்னேரம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும். வெளிச்சம் குறையக் குறையக் கமராவின் ஷட்டர் கூட நேரம் திறந்து கிடக்கும். ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு என்பது கேட்பதற்குக் கொஞ்ச நேரம்தான். ஆனால் அதற்குள் கை சற்று ஆடினாலும் முகம் கலங்கிப்போகும். டபிள்யூ830இல் கை ஆடுகிற திசைக்கு எதிராக லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி அசைந்து அதைச் சரிக்கட்டுகிறது. அப்பாயிக்குக் கை நடுக்கம் உண்டு. எனக்கும் குளிரில் நடுங்கத்தான் செய்கிறது. கடையில் சோனியையும் கெனனையும் வாசலுக்குக் கொண்டுவந்து, ஸூமை முழுதாக இழுத்து எதிர்ப்பக்கத்துப் பெயர்ப்பலகையை மாறிமாறி எடுத்தோம். அன்று நல்ல மூடம். சோனியில் எழுத்து வாசிக்க முடிந்தது. அதற்கு மேல் பேச்சில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: கை ஆட்டத்தைத்தான் இந்த வசதி அடக்கும். ஓடுகிற பிள்ளையை அது நிறுத்தி வைக்காது.

கெனனிலேயே இக்ஸஸ் 190 என்று ஒன்று இருக்கிறது. 10 மடங்கு ஸூம், ஆடாமல் பிடிக்கும் வசதி, வைஃபை எல்லாம் சேர்ந்தது. அன்று அந்தக் கடையில் இருந்திருந்தால் அதையும் யோசித்திருப்பேன். உங்கள் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

பாவித்த கமரா வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். கடையில் முதலில் நீட்டிய டபிள்யூ830ஐ நான் எடுக்கவில்லை. போன் டோர்ச்சை லென்ஸுக்குச் சாய்வாக அடித்துப் பார்த்தபோது உள்ளே சிலந்தி நூல் மாதிரி வெள்ளை இழை ஓடியிருந்தது. பூஞ்சணம். மலைநாட்டு ஈரத்தில் லென்ஸுக்கு வருகிற நோய் அது, ஒரு தரம் உள்ளே பிடித்தால் சின்னக் கமராவைப் பிரித்துத் துடைக்கிற கூலி கமரா விலையை எட்டிவிடும். இரண்டாவதாகக் காட்டியது சுத்தம். லென்ஸ் வெளியே வரும்போதும் உள்ளே போகும்போதும் கரகரப்புச் சத்தம் வருகிறதா என்று காது வைத்துக் கேட்டேன். வெள்ளைச் சுவரைப் படமெடுத்துக் கறுப்புப் புள்ளி தெரிகிறதா என்று பார்த்தேன். பெட்டரியைக் கழற்றி மேசையில் வைத்தேன், உப்பியிருந்தால் ஆடும். எல்லாம் சரி. 16 ஜிபி கார்டோடு 24,500 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

வீட்டுக்கு வந்த அன்று இரவே அப்பாயியின் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், முதல் படம். பழைய லயக் காம்பிரா, 12 அடிக்கு 10 அடி. அடுப்புப் புகை ஏறிய சுவர், ஒரேயொரு பல்பு. இந்த மாதிரிக் கமராக்களின் பிளாஷ் மூன்று மீட்டருக்குள்தான் ஒழுங்காக எட்டும். எங்கள் காம்பிரா நீளமே அதற்குச் சற்றுக் கூடத்தான் என்பதால், கதவோரம் நின்று எடுத்தால் எல்லார் முகமும் வருகிறது. இஸ்தோப்பில், அதாவது வெளித்திண்ணையில், நின்று தூர நிற்கிறவர்களை எடுத்தால் வராது.

கமராவை அப்பாயியிடம் கொடுத்தோம். பட்டனைப் பாதி அமுக்கினால் பச்சை விளக்கு வரும், பிறகு முழுதாக அமுக்க வேண்டும் என்று மகள் சொல்லிக் கொடுத்தாள். மூன்றாவது தரமே அவருக்குக் கைவந்தது. "கொழுந்து கிள்ளுற மாதிரித்தான், மெதுவா" என்றார். நாங்கள் நான்கு பேரும் ஒன்றாக இருக்கிற முதல் படம் அது. மகன் கொட்டாவி விடுகிறான், என் வீட்டுக்காரரின் தோள் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. அதைத்தான் முதலில் கழுவினேன்.

கழுவும்போது ஒன்றைக் கவனித்தேன். கமரா எடுப்பது 4க்கு 3 என்ற வடிவம். 4ஆர் தாள் 3க்கு 2. நீளத்துக்குச் சரியாகப் பொருத்தினால் மேலும் கீழுமாக அரை அங்குலம் போய்விடும். தலைக்கு மேலே இடம் விடாமல் எடுத்த இரண்டு படத்தில் பெரியமாமாவின் தலைப்பாகை அறுபட்டு வந்தது. இப்போது எடுக்கும்போதே மேலே நாலு விரல் இடம் விடுகிறோம்.

மூடுபனியில் எடுப்பதற்கு எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. பிளாஷை அணைத்துவிடுங்கள். அது பனித்துளியில் பட்டுத் திரும்பிப் படமெல்லாம் வெள்ளைப் பொட்டாகக் கொட்டும். அப்புறம், சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று நினைத்துக் கமரா படத்தை இருட்டாக்கிவிடும், பனி சாம்பல் பூசினது மாதிரி வரும். டபிள்யூ830இல் புரோகிராம் முறைக்குப் போய் வெளிச்சத்தை 0.7 கூட்டி வைத்தால் பனி பனியாகவே விழுகிறது. கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற பெண்கள் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு பனிக்குள் வரிசையாக ஏறுகிற ஒரு படம் அப்படித்தான் கிடைத்தது. இந்த ஒன்பது மாதத்தில் எனக்குப் பிடித்த படம் அது.

தம்பி சொன்ன நியாயத்துக்கு வருகிறேன். இரவு விஷயத்தில் போன்தான் கெட்டி. மாசியில் காமன் கூத்து நடந்தது. ரதியும் மதனும் ஆடுகிறபோது தீப்பந்த வெளிச்சம்தான். சின்ன சென்சர், ஸூமை இழுக்க இழுக்க லென்ஸும் வெளிச்சத்தைக் குறைவாகத்தான் உள்ளே விடும். வந்த படமெல்லாம் மணல் தூவினது மாதிரி. பக்கத்தில் நின்ற பையனின் போன், பல படங்களை அடுத்தடுத்துச் சட்டென்று எடுத்து ஒன்றாகச் சேர்த்துத் தெளிவாகக் கொடுத்தது. வீடியோவும் போனில்தான் நன்றாக வரும். படத்தை உடனே அனுப்பவும் வழியில்லை, டபிள்யூ830இல் வைஃபை கிடையாது. கார்டைக் கழற்றி, கார்ட் ரீடரில் போட்டு, பிறகுதான் சிங்கப்பூரில் இருக்கும் சின்ன நாத்தனாருக்கு அனுப்புகிறேன். இரவுத் திருவிழாவும் வீடியோவும்தான் முக்கியம் என்றால் இதை வாங்காதீர்கள்.

ஒரு சார்ஜில் 200 படம் அளவில் எடுக்கலாம். எங்களுக்கு இரண்டு கிழமைக்கு ஓடும். ஆனால் கோயில் தேர் அன்று காலைக் குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கிவிட்டது. குளிர் பெட்டரியின் வலுவைக் குறைக்கும். அதைக் கழற்றி உள்பையில் உடம்புச் சூட்டோடு வைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் இன்னும் பத்துப் பதினைந்து படம் கிடைக்கிறது.

கமரா இருக்கிற இடம் அலுமாரி இல்லை. அலுமாரிக்குள் அடை மழைக் காலத்தில் தோல் பையே பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுகுகிற பிளாஸ்டிக் டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைத்திருக்கிறேன். வெயில் கண்ட நாளில் டப்பாவைத் திறந்து இஸ்தோப்பில் கொஞ்ச நேரம் வைப்பேன். குளிரிலிருந்து அடுப்பங்கரைக்கு நேரே கொண்டுபோகாதீர்கள், லென்ஸில் நீர் கோர்க்கும். பையோடு அரை மணித்தியாலம் விட்டு எடுங்கள்.

மாதம் ஒரு தரம் நல்லதில் பத்தைத் தெரிந்து கழுவி ஆல்பத்தில் ஒட்டுகிறோம். அப்பாயி எடுத்தவற்றின் பின்னால் மகள் பேனாவால் 'அப்பாயி' என்று எழுதுகிறாள், இதுவரை இருபத்தாறு. ஆல்பத்தின் முதல் பக்கத்தை யாரும் தொடக்கூடாது என்று அப்பாயி சொல்லிவிட்டார். அதில் மாமனாரின் அடையாள அட்டைப் படம் இருக்கிறது. தீபாவளிக்கு முன் இன்னொரு பெட்டரி வாங்க வேண்டும், என்.பி-பி.என் வகை. அன்று வீட்டுக்கு முப்பது பேர் வருவார்கள், கமரா அப்பாயியின் கையில்தான் இருக்கும்.