தாப்பாவுல ஸ்ட்ராபெர்ரி: மூணு வருஷம் வளத்துப் பாத்த அனுபவம்

மலேசியாவுல கேமரன் மலைக்கு ஏறுற ரோடு ஒண்ணு எங்க தாப்பாவுல இருந்து போகுது, ஆனா மேல இருக்கிற குளிர் கீழ எறங்காது, மத்தியானம் 33 டிகிரி, சுத்தி செம்பனையும் ரப்பர் பால்மரமும்தான். இங்க ஸ்ட்ராபெர்ரி வருமான்னு நெறைய பேர் கேக்குறாங்க. செடி நல்லா வரும், பழம் கொஞ்சமாத்தான் வரும்.

மொதல்ல ஆன்லைன்ல விதை வாங்கினேன், நீலக் கலர் பழம் படம் போட்டிருந்தாங்க. தயவுசெஞ்சு யாரும் ஏமாறாதீங்க, நீல ஸ்ட்ராபெர்ரின்னு ஒண்ணு கெடையவே கெடையாது, எனக்கு மொளைச்சது ஏதோ புல்லு. அப்புறம் மலை மேல இருக்கிற தானா ராத்தா டவுனுக்குப் போய் செடியாவே அஞ்சு வாங்கினேன், ஒண்ணு 8 வெள்ளி (ரிங்கிட்). ஒரு மாசத்துல மூணு அழுகிப் போச்சு. நடுவுல குருத்து கெளம்புற எடம் இருக்குல்ல, அதை மண்ணுக்குள்ள பொதைச்சு வச்சிட்டேன், அது எப்பவும் மேல தெரியணும், வேரு மட்டும்தான் உள்ள போகணும்.

மிச்சம் ரெண்டும் பூக்கல, ரன்னர், அதாவது நுனியில புதுக் கன்னு வைக்கிற தண்டு, அது மட்டும் கொடி கொடியா ஓடுச்சு. சூடு 30 டிகிரியைத் தாண்டினா அதுக்கு மொட்டு வைக்கிறது கஷ்டம், ரன்னர்தான் விடும். அதை அம்மா வீணாக்கல. இருபது வருஷம் பால்மரம் வெட்டினவங்க (பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை), வீட்டுல பால் புடிக்கிற பழைய பிளாஸ்டிக் கிண்ணம், மங்குன்னு சொல்வோம், கெடந்துச்சு, அடியில ஓட்டை போட்டு தேங்கா நார் தூளை நெறைச்சு, ரன்னர் நுனியை அது மேல ஒக்கார வச்சு ஹேர்பின்னால குத்தி விட்டாங்க, தாய்ச்செடியில இருந்து வெட்டவே இல்ல. மூணு வாரம் கழிச்சு லேசா இழுத்துப் பாத்தா அசையல, வேர் புடிச்சிருச்சு, அப்பதான் கொடியை நறுக்கினாங்க.

ரெண்டாவது வருஷம் எல்லாத்தையும் தகரக் கூரைப் பக்கத்துல இருந்து தூக்கி கெழக்கு வேலியோரம் வச்சேன், மண் சட்டியில, காலை வெயில் 11 மணி வரைக்கும் அப்புறம் கருப்பு வலை, தண்ணி காலையில மட்டும் அடியில. வருஷக் கடைசி மழையில ராத்திரி கொஞ்சம் குளுந்தப்ப வெள்ளையா நாலு பூ! மொதப் பழம் ஒரு பக்கம் சப்பையா கோணிக்கிட்டு வந்துச்சு. பழத்து மேல இருக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் மகரந்தம் சேரணும், சேராத பக்கம் வளராது. அடுத்த பூவெல்லாம் சின்ன பிரஷ்ஷால தடவி விட்டேன், இப்ப பக்கத்து வீட்டு மாமா கெலுலுட்னு சொல்ற கொட்டாத தேனீ பொட்டி வச்சிட்டாரு, எனக்கு அந்த வேலை மிச்சம்.

நத்தைதான் பெரிய எதிரி. அம்மா வெட்டப் போன காலத்து தலைவிளக்கை மாட்டிக்கிட்டு ராத்திரி ஒம்போது மணிக்கு சட்டி சட்டியா தேடுவாங்க, மருந்தே அடிக்கல.

போன டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பன்னெண்டு செடியில மொத்தம் 31 பழம், பெருசே கட்டைவிரல் நுனி அளவுதான். பழம் வேணும்னா மலையில வாங்கிக்குங்க லா, அதுதான் மலிவு. ஆனா பறிச்ச பெறகு ஸ்ட்ராபெர்ரி பழுக்காது, செடியிலயே காம்பு வரைக்கும் செவக்க விட்டுப் பறிச்சு அப்படியே வாயில போட்டா வர்ற வாசம் டப்பாவுல வர்றதுல எனக்குக் கெடைச்சதே இல்ல, அதுக்காகத்தான் வளக்குறேன். இப்ப மங்குல ஒம்போது கன்னு வேர் புடிச்சு நிக்குது, தாப்பா பக்கம் யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, சும்மாவே தர்றேன்.