வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஆய்வகச் சேவை: கைப்பக்குவம் நன்று, அறிக்கை போதாது

என் தாயாருக்காக எங்கள் பகுதி ஆய்வகம் ஒன்றின் வீட்டுச் சேவையைப் பயன்படுத்தினோம். வந்த பெண் ஒரே குத்தில் ரத்த நாளத்தைப் பிடித்து, ஊதா மூடிக் குழாயை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலந்த பக்குவம் நிறைவளித்தது. மாலையிலேயே அறிக்கை கைபேசிக்கு வந்துவிட்டது.

குறை அந்த அறிக்கையில்தான். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 5.8 லட்சம் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டு, 1.5 முதல் 4.5 லட்சம் வரை என்ற இயல்பளவை அருகில் குறித்ததோடு நிறுத்திக்கொண்டு, கீழே முழு உடல் பரிசோதனைத் தொகுப்புக்கு விளம்பரம் செய்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைபாடு, தொற்று, முடக்குவாதம் போன்ற நாள்பட்ட அழற்சி, மண்ணீரல் அகற்றப்பட்ட நிலை ஆகியவற்றால் இந்த எண்ணிக்கை உயரக்கூடும் என்பதையும், சிலருக்குப் புற்றுநோயோ, ஜாக்2 போன்ற மரபணு மாற்றத்தால் எலும்பு மஜ்ஜையே தட்டணுக்களை மிகுதியாக உருவாக்கும் நோயோ காரணமாகலாம் என்பதையும் இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். அதே தாளில் ஹீமோகுளோபின் 9.4, எம்.சி.வி. (சிவப்பணுக்களின் சராசரிப் பருமன்) 71 என இரண்டுமே குறைவாக இருந்ததைச் சேர்த்துப் பார்த்த எங்கள் மருத்துவர், முதலில் உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். விலை மிகுந்த அந்தத் தொகுப்பிலோ ஃபெரிட்டினே இல்லை! ரத்தம் எடுக்க இவர்களையே மீண்டும் அழைப்பேன். தொகுப்பை வாங்க மாட்டேன்.